கட்டளை வரியில் கன்டெய்னர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் கருவியான டாக்கரைக் கட்டளை வரியில் பயன்படுத்தத் தொடங்குபவர்களிடமிருந்து ஓயாமல் வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். ஒற்றை எழுத்துச் சுருக்கங்களைத் தவிர்த்து விருப்பங்களின் முழுப்பெயரையே தந்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டளையைத் திரும்பப் பார்க்கும்போது முழுப்பெயர்தான் புரியும். டாக்கரைப் போன்ற இன்னொரு கருவியான பாட்மேனைப் பயன்படுத்துபவர்கள் 'டாக்கர்' என்ற இடத்தில் 'பாட்மேன்' என்று அடித்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. கன்டெய்னர்னா குட்டி விர்ச்சுவல் மெஷின்தானே?

இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள் தனியாக ஒரு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும். கன்டெய்னருக்குத் தனிக் கர்னல் கிடையாது. அது உங்கள் லினக்ஸ் கணினியில் ஓடும் சாதாரண ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்தான். அதன் பார்வையை மட்டும் கர்னல் சுருக்கிவிடுகிறது. நேம்ஸ்பேஸ் என்ற வசதியால் அதற்கு வேறு ப்ராசஸ்கள், வேறு நெட்வொர்க், வேறு ஃபைல்கள் தெரியாது. சிகுரூப் என்ற வசதி அது எவ்வளவு மெமரி, சிபியு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. சிகுரூப் 2008-இல் லினக்ஸ் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. 2013-இல் வந்த டாக்கர், ஏற்கெனவே இருந்த இவற்றை ஒரே கட்டளையில் கையாளும்படி செய்தது.

ஒரு கன்டெய்னரை ஓட்டிவிட்டு ஹோஸ்டில், அதாவது கன்டெய்னரைத் தாங்கும் உங்கள் லினக்ஸ் கணினியில், ப்ராசஸ் பட்டியலைப் பாருங்கள். உள்ளே ஓடும் புரோகிராம் அங்கேயே தெரியும். விண்டோஸிலும் மேக்கிலும் தெரியாது. அங்கே டாக்கர் டெஸ்க்டாப் பின்னணியில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை ஓட்டி, அதற்குள்தான் கன்டெய்னர்களை வைக்கிறது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: முதன்மை ப்ராசஸ் முடிந்தால் கன்டெய்னரும் நின்றுவிடும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே வேர்.

2. இமேஜுக்கும் கன்டெய்னருக்கும் என்ன வித்தியாசம்?

இமேஜ் என்பது அடுக்கடுக்காக அமைந்த, மாற்ற முடியாத ஃபைல் தொகுப்பு. அதன்மேல் எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு ஒன்றையும், போர்ட், மெமரி வரம்பு, சூழல் மாறிகள் (புரோகிராமுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) முதலிய அமைப்புகளையும் சேர்த்தால் அது கன்டெய்னர். ஒரே இமேஜிலிருந்து பத்துக் கன்டெய்னர் உருவாக்கலாம். இமேஜ் அடுக்குகள் வட்டில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும்.

கன்டெய்னரை அழித்தால் எழுதும் அடுக்கும் அமைப்புகளும் போய்விடும், இமேஜ் அப்படியே இருக்கும். அமைப்புகளில் பெரும்பாலானவை கன்டெய்னர் பிறக்கும் நேரத்திலேயே உறுதியாகிவிடுகின்றன. கேள்வி 9-இல் இதன் விளைவைப் பார்க்கலாம்.

3. முதல் கன்டெய்னரை எப்படி ஓட்டறது? ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லுங்க.

```
டாக்கர் ரன் --டிடாச் --நேம் வெப் --பப்ளிஷ் 8080:80 என்ஜின்எக்ஸ்
```

'--டிடாச்' கன்டெய்னரைப் பின்னணியில் ஓடவிட்டு டெர்மினலை உங்களுக்குத் திருப்பித் தருகிறது. '--நேம் வெப்' அதற்குப் பெயர் வைக்கிறது. வைக்காவிட்டால் டாக்கரே ஒரு பெயரைச் சூட்டிவிடும். பிறகு ஒவ்வொரு முறையும் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். '--பப்ளிஷ்' போர்ட்டை வெளியே திறக்கிறது. கடைசியில் இருப்பது இமேஜின் பெயர்; என்ஜின்எக்ஸ் ஒரு வெப் சர்வர்.

இங்கே வரிசை மிக முக்கியம். விருப்பங்கள் எல்லாம் இமேஜ் பெயருக்கு முன்னால் வர வேண்டும். இமேஜ் பெயருக்குப் பின்னால் எழுதும் எதையும் டாக்கர் படிப்பதில்லை. உள்ளே ஓட வேண்டிய கட்டளை என்று எண்ணி அப்படியே அனுப்பிவிடும். '--பப்ளிஷ்' கொடுத்தும் போர்ட் திறக்கவில்லை என்றால் முதலில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

பாட்மேனில் சுருக்கப் பெயர் சில சமயம் எடுபடாது; 'டாக்கர்.ஐஓ/லைப்ரரி/என்ஜின்எக்ஸ்' என்று முழு முகவரி கொடுங்கள்.

4. ரன், கிரியேட், ஸ்டார்ட், எக்ஸெக்... எதை எப்போ அடிக்கணும்?

'ரன்' மூன்று வேலைகளை ஒரே வீச்சில் செய்கிறது: இமேஜ் இல்லையென்றால் இறக்கும், புதிய கன்டெய்னரை உருவாக்கும், அதை ஓட்டும். 'கிரியேட்' உருவாக்குவதோடு நின்றுவிடும். புரோகிராம் தொடங்கும் முன்பே 'டாக்கர் சிபி' கட்டளையால் ஒரு அமைப்பு ஃபைலை உள்ளே வைக்க வேண்டுமென்றால் இது கைகொடுக்கும். 'ஸ்டார்ட்' ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னரை மறுபடி ஓட்டும். 'எக்ஸெக்' ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் இன்னொரு கட்டளையை ஓட்டும்.

ஒவ்வொரு நாளும் 'ரன்' அடிப்பவர்களின் கணினியில் நின்றுபோன கன்டெய்னர்கள் குவிந்துகிடக்கும். 'டாக்கர் பிஎஸ் --ஆல்' அடித்தால் அத்தனையும் வரிசையாக வரும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு விடுவதற்கென்றால் '--ஆர்எம்' சேர்த்துக்கொள்ளுங்கள். நின்றவுடன் தானே அழிந்துவிடும்.

5. உபுண்டு கன்டெய்னர் ஓட்டினேன், உடனே நின்னுடுச்சு. என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை. உபுண்டு இமேஜின் முதன்மை ப்ராசஸ் பேஷ் ஷெல். அதற்கு உள்ளீடு தர யாரும் இல்லாததால் உடனே முடிந்துவிட்டது. கேள்வி 1-இல் சொன்ன விதிப்படி கன்டெய்னரும் நின்றது. உள்ளே போய் வேலை செய்ய இப்படி ஓட்டுங்கள்:

```
டாக்கர் ரன் --ஆர்எம் --இன்டராக்டிவ் --டிடிஒய் உபுண்டு:24.04 பேஷ்
```

சொந்தப் புரோகிராமும் இப்படி நிற்கிறதென்றால், அது தன்னைத்தானே பின்னணிக்கு அனுப்பிக்கொள்கிறதா என்று பாருங்கள். சாதாரண சர்வரில் அந்தப் பழக்கம் சரி. கன்டெய்னருக்குள் முன்னணியிலேயே ஓட வேண்டும்.

6. 'எக்ஸிட்டட்' பக்கத்துல ஒரு நம்பர் வருதே, அதுல ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். 0 என்றால் வேலை ஒழுங்காக முடிந்தது. 125 என்றால் டாக்கர் கட்டளையே தோற்றது. பெரும்பாலும் விருப்பத்தின் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது போர்ட்டை வேறொருவர் பிடித்திருக்கிறார். 126 என்றால் கட்டளை இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. 127 என்றால் அந்தக் கட்டளையே உள்ளே இல்லை.

128-க்கு மேல் வந்தால் அதிலிருந்து 128-ஐக் கழியுங்கள். மிஞ்சுவது சிக்னல் எண், அதாவது ப்ராசஸுக்கு அனுப்பப்பட்ட உத்தரவின் எண். 143 என்றால் 15, அதாவது 'டெர்ம்' சிக்னல்; யாரோ முறைப்படி நிறுத்தியிருக்கிறார்கள். 137 என்றால் 9, அதாவது 'கில்'. ஒன்று மெமரி தீர்ந்து கர்னல் கொன்றது (கேள்வி 16), இல்லையென்றால் நிறுத்தச் சொல்லியும் நிற்காததால் டாக்கர் கொன்றது (கேள்வி 18). 1 போன்ற சிறிய எண்கள் புரோகிராமே சொன்னவை. அதற்கு 'டாக்கர் லாக்ஸ் --டெயில் 100 வெப்' அடித்துக் கடைசி நூறு வரியைப் படிப்பதுதான் வழி. கன்டெய்னர் நின்ற பிறகும் லாக் கிடைக்கும், அழித்துவிட்டால் கிடைக்காது.

7. 8080:80-ல எது வெளி, எது உள்ளே? ரெண்டும் சரியாத்தான் கொடுத்தேன், ஆனா பிரவுசர்ல வரலை.

இடப்பக்கம் ஹோஸ்ட், வலப்பக்கம் கன்டெய்னர். டேட்டாவைச் சேமிக்கும் வால்யூமுக்கும் (கேள்வி 10) இதே வரிசைதான்.

வரவில்லை என்றால் இந்த ஒழுங்கில் தேடுங்கள். முதலில் 'டாக்கர் பிஎஸ்' அடித்து 'போர்ட்ஸ்' என்ற நெடுவரிசையில் அம்புக்குறியோடு 8080 தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் 80 மட்டும் இருந்தால் போர்ட் திறக்கப்படவில்லை. டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் படிகளை எழுதும் ஃபைல்) 'எக்ஸ்போஸ்' எழுதினாலே போர்ட் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் குறிப்பு, எதையும் திறக்காது. அடுத்து லாக்கைப் பார்த்து, புரோகிராம் உண்மையில் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: புரோகிராம் 127.0.0.1 முகவரியில் காத்திருக்கிறது. கன்டெய்னருக்குள் அந்த முகவரி கன்டெய்னரையே குறிக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பு வேறு நெட்வொர்க் முகப்பு வழியாக வருவதால் அங்கே போய்ச் சேராது. புரோகிராமின் அமைப்பில் 0.0.0.0 என்று மாற்றுங்கள். வெப் ஃப்ரேம்வொர்க்குகளின் டெவலப்மென்ட் சர்வர்கள் பலவும் 127.0.0.1-ஐயே இயல்பாக எடுத்துக்கொள்வதால் இந்தச் சிக்கல் ஓயாமல் வருகிறது.

பாட்மேனை ரூட் இல்லாமல் ஓட்டும்போது ஹோஸ்டில் 1024-க்குக் கீழான போர்ட்டைத் திறக்க இயல்பாக அனுமதி இல்லை. 80-க்குப் பதில் 8080 பயன்படுத்துங்கள்.

8. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல 5432-ஐ மூடிட்டேன். வெளியிலிருந்து இன்னும் திறந்தே இருக்கு!

டாக்கர் போர்ட்டைத் திறக்கும்போது லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளை நேரடியாக எழுதுகிறது. கன்டெய்னருக்குப் போகும் பாக்கெட், யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் வாசலுக்கு வருவதற்கு முன்பே திசைமாற்றப்பட்டுவிடும். யுஎஃப்டபிள்யூ 'மூடியிருக்கிறது' என்றே காட்டும், 5432-இல் காத்திருக்கும் உங்கள் டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்திருக்கும். இந்தப் பட்டியலில் இருக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது இது.

உங்கள் கணினியிலிருந்து மட்டும் அணுக வேண்டுமென்றால் முகவரியோடு எழுதுங்கள்: '--பப்ளிஷ் 127.0.0.1:5432:5432'. வேறு கன்டெய்னர் மட்டுமே அணுகப்போகிறது என்றால் '--பப்ளிஷ்' தேவையே இல்லை (கேள்வி 14). சில வெளி முகவரிகளை மட்டும் அனுமதிக்க வேண்டுமென்றால், ஐபிடேபிள்ஸில் இதற்கென்றே டாக்கர் விட்டுவைத்திருக்கும் 'டாக்கர்-யூசர்' சங்கிலியில் விதி எழுதுங்கள். அந்தப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

9. ஓடிக்கிட்டிருக்கிற கன்டெய்னருக்கு இன்னொரு போர்ட் சேர்க்கணும். எப்படி?

சேர்க்க முடியாது. அழித்துவிட்டுப் புதிய போர்ட்டோடு மறுபடி உருவாக்க வேண்டும். 'டாக்கர் அப்டேட்' கட்டளையால் மெமரி, சிபியு வரம்புகளையும் மறுதொடக்க விதியையும் மாற்றலாம். 'டாக்கர் நெட்வொர்க் கனெக்ட்' மூலம் புதிய நெட்வொர்க்கில் சேர்க்கலாம். போர்ட், வால்யூம், சூழல் மாறி ஆகிய மூன்றும் பிறவியோடு வருபவை.

இதைக் குறையாக எண்ணாதீர்கள். கன்டெய்னரை எப்போது வேண்டுமானாலும் அழித்து அதே வடிவில் திரும்ப எழுப்ப முடிய வேண்டும். அப்படி முடியவில்லையென்றால் எங்கோ ஏதோ எழுதிவைக்கப்படாமல் இருக்கிறது என்று பொருள். அதனால் 'ரன்' கட்டளையை டெர்மினல் வரலாற்றில் தேடும்படி விடாமல் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வையுங்கள். இரண்டு மூன்று கன்டெய்னர் ஆகிவிட்டால், அவற்றின் அமைப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலுக்கு மாறுங்கள். அங்கே ஒரு வரியைத் திருத்தி 'டாக்கர் கம்போஸ் அப் --டிடாச்' அடித்தால், மாறிய கன்டெய்னரை மட்டும் அதுவே அழித்து உருவாக்கிக்கொள்ளும்.

'டாக்கர் கமிட்' செய்து புதிய இமேஜ் எடுத்து அதிலிருந்து ஓட்டலாமே என்று கேட்பார்கள். முடியும், செய்யாதீர்கள். வால்யூமில் இருக்கும் டேட்டா அதில் வராது. உள்ளே என்னென்ன மாற்றம் நடந்தது என்பதும் எங்கும் பதிவாகாது.

10. கன்டெய்னரை அழிச்சா டேட்டா போயிடுமா?

எழுதும் அடுக்கில் இருப்பது போய்விடும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் போகாது, அழித்தால்தான் போகும். தங்க வேண்டிய டேட்டாவைப் பெயரிட்ட வால்யூமில், அதாவது கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் பார்த்துக்கொள்ளும் சேமிப்பிடத்தில் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு இப்படி ('டிபி.என்வ்' என்பது பாஸ்வேர்ட் முதலிய சூழல் மாறிகளை எழுதிய ஃபைல்):

```
டாக்கர் வால்யூம் கிரியேட் பிஜிடேட்டா
டாக்கர் ரன் --டிடாச் --நேம் டிபி \
  --என்வ்-ஃபைல் டிபி.என்வ் \
  --வால்யூம் பிஜிடேட்டா:/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா \
  போஸ்ட்கிரெஸ்:17
```

வலப்பக்கப் பாதை இமேஜுக்கு இமேஜ் மாறும். அந்த இமேஜின் விளக்கத்தைப் படித்தே எழுதுங்கள். ஓர் எழுத்து பிசகினால் பிழைச்செய்தி வராது. டேட்டா வேறெங்கோ எழுதப்பட்டு, அழிக்கும் நாளில்தான் தெரியவரும். போஸ்ட்கிரெஸ் இமேஜே 18-ஆம் பதிப்பில் இந்த இடத்தை மாற்றிவிட்டது: வால்யூமை இப்போது கடைசி 'டேட்டா' இல்லாமல் அதற்கு மேல் ஃபோல்டரில் இணைக்க வேண்டும்.

11. வால்யூம் நல்லதா, என் ஃபோல்டரையே நேரா இணைக்கிறது நல்லதா?

டேட்டாபேஸுக்கு வால்யூம். எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் கோடுக்கும் அமைப்பு ஃபைல்களுக்கும் ஃபோல்டர். அமைப்பு ஃபைலைக் கன்டெய்னர் மாற்றக் கூடாதென்றால் பாதையின் கடைசியில் ':ஆர்ஓ' சேர்த்துப் படிக்க மட்டும் விடுங்கள்.

இரண்டும் ஒரு விஷயத்தில் எதிரெதிராக நடந்துகொள்ளும். காலியான வால்யூமை இணைத்தால், அந்த இடத்தில் இமேஜில் இருந்த ஃபைல்கள் வால்யூமுக்குள் நகலாகும். ஃபோல்டரை இணைத்தால் அது இமேஜில் இருந்தவற்றை மூடி மறைத்துவிடும். 'இமேஜ் பில்டில் நிறுவிய நோட் மாட்யூல்கள் ஓட்டும்போது காணோம்' என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

'--வால்யூம்' என்ற விருப்பத்தில் இன்னொரு பொறி உண்டு. ஹோஸ்ட் பாதையில் எழுத்துப் பிழை இருந்தால், இல்லாத அந்த ஃபோல்டரை அதுவே வெறுமையாக உருவாக்கிக்கொள்ளும். '--மவுண்ட் டைப்=பைண்ட்,சோர்ஸ்=...,டார்கெட்=...' என்று எழுதினால் ஃபோல்டர் இல்லையென்று பிழை சொல்லி நிற்கும். ஸ்கிரிப்ட்களில் இதையே பரிந்துரைக்கிறோம்.

12. ஃபோல்டரை இணைச்சதும் 'பெர்மிஷன் டினைட்'. இல்லைன்னா ஃபைல் எல்லாம் ரூட் பேர்ல உருவாகுது.

கர்னலுக்குப் பயனர் பெயர் பொருட்டல்ல, எண்தான் பொருட்டு. உள்ளே புரோகிராம் 0 என்ற எண்ணில் (ரூட்) ஓடினால் உங்கள் ஃபோல்டரில் ரூட் பெயரில் ஃபைல் பிறக்கும். உள்ளே 999, வெளியே உங்கள் எண் 1000 என்றால் எழுத அனுமதி கிடைக்காது. உங்கள் எண்ணிலேயே ஓட்டச் சொல்லுங்கள்:

```
--யூசர் $(ஐடி --யூசர்):$(ஐடி --குரூப்)
```

அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் ஃபெடோரா, ரெட்ஹேட் வகைக் கணினிகளில் மறுக்கப்பட்டால் அது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு வசதியின் வேலை. இணைப்பின் கடைசியில் ':இசட்' சேருங்கள். பெரிய எழுத்து என்றால் அந்த ஒரு கன்டெய்னருக்கு மட்டும், சிறிய எழுத்து என்றால் பல கன்டெய்னர் பகிர்வதற்கு. வீட்டு ஃபோல்டர் முழுவதற்கும் இதைச் செய்துவிடாதீர்கள். அதிலுள்ள அத்தனை ஃபைலின் முத்திரையும் மாறிப்போகும். ரூட் இல்லாத பாட்மேனில் '--யூசர்என்எஸ்=கீப்-ஐடி' கொடுத்தால் உங்கள் எண் உள்ளேயும் அதே எண்ணாக இருக்கும்.

13. என்வ் ஃபைல்ல பாஸ்வேர்ட் மாத்தி, கன்டெய்னரையும் புதுசா உருவாக்கிட்டேன். போஸ்ட்கிரெஸ் இன்னும் பழைய பாஸ்வேர்டையே கேட்குது!

போஸ்ட்கிரெஸ் இமேஜ் பாஸ்வேர்ட் மாறியை ஒரே ஒரு முறைதான் பார்க்கும்: டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் ஓட்டத்தில். கேள்வி 10-இல் வால்யூம் கொடுத்தோமே, பழைய பாஸ்வேர்ட் அதற்குள் இருக்கிறது. 'எக்ஸெக்' மூலம் உள்ளே போய் பிஎஸ்க்யூஎல் திறந்து, 'ஆல்டர் யூசர்' கட்டளையால் மாற்றுங்கள். டேட்டா தேவையில்லை என்றால் வால்யூமையே அழித்துத் தொடங்கலாம். மைஎஸ்க்யூஎல் இமேஜும் இப்படித்தான்.

முதல் ஓட்டத்திலேயே பாஸ்வேர்ட் பொருந்தவில்லையென்றால் ஃபைலில் மேற்கோள்குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 'டாக்கர் ரன்' படிக்கும் என்வ் ஃபைலில் மேற்கோள்குறியும் மதிப்பின் பகுதியே. கம்போஸ் அதே குறியை நீக்கிவிட்டுப் படிக்கும். ஒரே ஃபைலை இரண்டிலும் பயன்படுத்துபவர்களைக் குழப்பும் இடம் இது. சூழல் மாறிகள் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' அடிப்பவர் எவருக்கும் அப்படியே தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

14. ஆப்பும் டேட்டாபேஸும் தனித்தனி கன்டெய்னர். லோக்கல்ஹோஸ்ட் 5432-னு கொடுத்தா கனெக்ட் ஆகலை.

கேள்வி 7-இல் சொன்ன அதே காரணம்: ஆப்பின் லோக்கல்ஹோஸ்ட் ஆப்பின் கன்டெய்னரே. ஒரு நெட்வொர்க் உருவாக்கி இரண்டையும் அதில் சேர்த்துப் பெயரால் கூப்பிடுங்கள்:

```
டாக்கர் நெட்வொர்க் கிரியேட் ஆப்நெட்
டாக்கர் நெட்வொர்க் கனெக்ட் ஆப்நெட் டிபி
டாக்கர் ரன் --டிடாச் --நேம் ஆப் --நெட்வொர்க் ஆப்நெட் என்ஆப்:1.4
```

இனி ஆப்புக்குள் டேட்டாபேஸின் முகவரி 'டிபி', போர்ட் 5432. ஹோஸ்டில் எந்தப் போர்ட்டில் திறந்திருக்கிறீர்கள் என்பது இங்கே பொருட்டில்லை. 15432:5432 என்று கொடுத்திருந்தாலும் கன்டெய்னர்களுக்குள் 5432-தான்.

நெட்வொர்க் எதுவும் சொல்லாவிட்டால் கன்டெய்னர்கள் 'பிரிட்ஜ்' என்ற இயல்பான நெட்வொர்க்கில் சேரும். அங்கே ஐபி முகவரியால் பேசலாம், பெயர் வேலை செய்யாது. அந்த ஐபியை அமைப்பு ஃபைலில் எழுதி வைக்காதீர்கள். அழித்து உருவாக்கும்போது மாறக்கூடியது அது.

15. கன்டெய்னருக்குள்ள இருந்து ஹோஸ்ட்ல ஓடுற சர்வரை எப்படிப் பிடிக்கிறது?

டாக்கர் டெஸ்க்டாப்பில் 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயர் தயாராக இருக்கும். லினக்ஸில் நேரடியாக நிறுவிய டாக்கர் என்றால் '--ஆட்-ஹோஸ்ட் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்:ஹோஸ்ட்-கேட்வே' சேர்க்க வேண்டும், 20.10 பதிப்பு முதல் இது உண்டு. லினக்ஸில் ஹோஸ்ட் சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் இதுவும் எட்டாது.

16. மெமரி 512 எம்பினு வரம்பு வெச்சேன். உள்ளே பார்த்தா 16 ஜிபினு காட்டுது, வரம்பு வேலை செய்யுதா?

வேலை செய்கிறது. 'ஃப்ரீ' போன்ற கட்டளைகள் ஹோஸ்டின் கணக்கைப் படித்துக் காட்டுகின்றன. சிகுரூப் வரம்பு அவற்றுக்குத் தெரியாது. உண்மை நிலவரத்தை 'டாக்கர் ஸ்டாட்ஸ்' காட்டும். வரம்பைத் தாண்டினால் கர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும், 137 வரும். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' விடையில் 'ஓஓஎம்கில்ட்' என்ற இடத்தில் 'ட்ரூ' இருந்தால் காரணம் மெமரிதான்.

'--மெமரி 512எம்' மட்டும் கொடுத்தால், ஹோஸ்டில் ஸ்வாப் (மெமரி போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) இருக்கும்போது இன்னொரு 512 எம்பி ஸ்வாப்பையும் கன்டெய்னர் எடுத்துக்கொள்ளும். அதனால் கொல்லப்படுவதற்குப் பதில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஸ்வாப் வேண்டாமென்றால் '--மெமரி-ஸ்வாப் 512எம்' என்று அதே எண்ணைக் கொடுங்கள். பெயர் ஏமாற்றும்: அந்த எண் ஸ்வாப்பின் அளவு அல்ல, மெமரியும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம்.

சிபியுவுக்கு '--சிபியுஸ் 1.5'. எல்லா கோர்களும் உள்ளே தெரியும், ஆனால் ஒன்றரை கோர் அளவு நேரம்தான் கிடைக்கும். கோர் எண்ணிக்கையைப் பார்த்து அதற்கேற்ப த்ரெட் திறக்கும் புரோகிராம்களுக்கு எண்ணிக்கையை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

17. சர்வர் ரீபூட் ஆனா கன்டெய்னர் தானா எழும்பணும்.

'--ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்ட்' கொடுங்கள். 'ஆல்வேஸ்' என்பதும் இதுபோலத்தான். ஆனால் நீங்கள் கையால் நிறுத்திவைத்ததையும் டாக்கர் மறுபடி தொடங்கும்போது எழுப்பிவிடும். தோற்றால் மட்டும் சில முறை முயல 'ஆன்-ஃபெயிலியர்:5'. '--ஆர்எம்' உடன் இவை சேராது. ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னருக்கு 'டாக்கர் அப்டேட் --ரீஸ்டார்ட்' போதும்.

பாட்மேனுக்குப் பின்னணியில் எப்போதும் ஓடும் டீமன் இல்லை. அங்கே ரீபூட்டுக்குப் பின் எழுப்புவதை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்க வேண்டும்.

18. 'டாக்கர் ஸ்டாப்' அடிச்சா சரியா பத்து செகண்ட் ஆகுது. ஏன்?

டாக்கர் முதலில் 'டெர்ம்' சிக்னல் அனுப்பி 10 விநாடி காத்திருந்து, பிறகு 'கில்' அனுப்புகிறது. பத்து விநாடி முழுதாகப் போகிறதென்றால் உங்கள் புரோகிராம் முதல் சிக்னலைக் கண்டுகொள்ளவில்லை. அதாவது டேட்டாவைச் சேமித்து முடிக்க வாய்ப்பே இல்லாமல் ஒவ்வொரு முறையும் கொல்லப்படுகிறது. காத்திருப்பதைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

காரணம் இரண்டில் ஒன்று. டாக்கர்ஃபைலில் 'சிஎம்டி நோட் சர்வர்.ஜேஎஸ்' என்று வெறுமனே எழுதினால் முன்னால் ஒரு ஷெல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிக்னல் அதனோடு நின்றுபோகலாம். சதுர அடைப்புக்குறிக்குள், ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளில் எழுதினால் புரோகிராம் நேரடியாக ஓடும். இல்லையென்றால், புரோகிராம் ப்ராசஸ் எண் 1 ஆக ஓடுவது காரணம். எண் 1-க்குக் கர்னல் தனிச் சலுகை தருகிறது: சிக்னலைக் கையாள அதில் கோடு இல்லையென்றால் சிக்னலே போய்ச் சேராது. '--இனிட்' சேர்த்தால் ஒரு சிறிய புரோகிராம் எண் 1 ஆக நின்று சிக்னலை உங்கள் புரோகிராமுக்குக் கடத்தும். டேட்டாபேஸ் போல நிற்கவே நேரம் தேவைப்படுபவைக்கு '--ஸ்டாப்-டைம்அவுட் 60' கொடுங்கள்.

19. ஒரு வரி கோடு மாத்தினாலும் இமேஜ் பில்ட் முழுசா மறுபடி ஓடுது.

டாக்கர்ஃபைலில் ஒரு வரியின் அடுக்கு மாறினால் அதற்குக் கீழே எழுதிய எல்லா அடுக்கும் மறுபடி கட்டப்படும். எனவே அரிதாக மாறுவது மேலே, அடிக்கடி மாறுவது கீழே. முதலில் பேக்கேஜ் பட்டியல் ஃபைலை மட்டும் நகலெடுத்து நிறுவலை முடியுங்கள். கோடு முழுவதையும் நகலெடுக்கும் வரி அதற்குப் பிறகு வரட்டும். '.டாக்கர்இக்னோர்' ஃபைலில் '.கிட்', நோட் மாட்யூல்கள், என்வ் ஃபைல்களைச் சேருங்கள். என்வ் ஃபைல் இமேஜுக்குள் போய்விட்டால், பின்னால் ஒரு வரியில் அழித்தாலும் முந்தைய அடுக்கில் அது இருந்துகொண்டே இருக்கும்.

20. லேட்டஸ்ட்னு போட்டிருக்கேன், ஆனா பழைய வெர்ஷனே ஓடுது.

'லேட்டஸ்ட்' வெறும் பெயர்ச்சீட்டு. உங்கள் கணினியில் அந்தப் பெயரில் ஓர் இமேஜ் இருந்தால் 'ரன்' அதையே எடுக்கும், புதிதாக வந்திருக்கிறதா என்று தேடாது. '--புல் ஆல்வேஸ்' கொடுத்தால் தேடும். ஆனால் நிலையாக ஓட வேண்டிய இடத்தில் 'போஸ்ட்கிரெஸ்:17' போலப் பதிப்பெண்ணை எழுதுங்கள். டேட்டாபேஸில் 'லேட்டஸ்ட்' போட்டிருந்தால், ஒருநாள் பெரிய பதிப்பு மாறி, பழைய வால்யூமைத் திறக்க மறுத்து நின்றுவிடும்.

21. 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்'னு வருது.

இமேஜ் வேறு வகை ப்ராசஸருக்குக் கட்டப்பட்டது. ஆர்ம் மேக்கில் கட்டியதை இன்டெல் சர்வரில் ஓட்டும்போது இது வழக்கம். 'டாக்கர் பில்ட் --பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64' என்று இலக்கைச் சொல்லிக் கட்டுங்கள். ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று குறிப்பிடாவிட்டாலும் இதே பிழை வரும்.

ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருந்தும் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று வந்தால், விண்டோஸில் சேமித்ததால் வரி முடிவுகள் மாறியிருக்கின்றன. எடிட்டரில் எல்எஃப் வகைக்கு மாற்றிச் சேமித்து இமேஜை மறுபடி கட்டுங்கள்.

22. டிஸ்க் நிரம்பிடுச்சு. ப்ரூன் அடிச்சும் இடம் வரலை. லாக் வரம்பு வெச்சேன், அதுவும் எடுக்கலை.

'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' அடித்து இடம் எங்கே போகிறதென்று பாருங்கள். 'சிஸ்டம் ப்ரூன்' நின்றுபோன கன்டெய்னர்கள், பயன்படாத நெட்வொர்க்குகள், பெயரற்ற இமேஜ்கள், பில்ட் கேஷ் ஆகியவற்றை அழிக்கும்; வால்யூம்களைத் தொடாது. நின்றுபோன கன்டெய்னர்களும் அதில் போகும் என்பதால் 'எஸ்' சொல்வதற்கு முன் பட்டியலைப் படியுங்கள்.

அந்தக் கணக்கிலும் வராத இடம் பெரும்பாலும் லாக். டாக்கரின் இயல்பான 'ஜேசன்-ஃபைல்' முறையில் லாக்குக்கு உச்சவரம்பே இல்லை. மாதக்கணக்கில் ஓடும் கன்டெய்னரின் லாக் வட்டை விழுங்கிவிடும். கன்டெய்னர் உருவாக்கும்போது இதைச் சேருங்கள்:

```
--லாக்-ஆப்ட் மேக்ஸ்-சைஸ்=10எம் --லாக்-ஆப்ட் மேக்ஸ்-ஃபைல்=3
```

எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்க '/இடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன்' ஃபைலில் எழுதி டாக்கரை மறுதொடக்கம் செய்யலாம். அந்த ஃபைலில் இந்த லாக் வரம்புகளின் எண்களையும் மேற்கோளுக்குள்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் டாக்கர் எழும்பாது. அப்படியும் வரம்பு எடுக்கவில்லை என்பதற்குக் காரணம் கேள்வி 9-தான்: லாக் அமைப்பும் பிறவியோடு வருவது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்கள் பழைய அமைப்போடேயே ஓடும். டேட்டா வால்யூமில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக அழித்து ஸ்கிரிப்டிலிருந்து மறுபடி உருவாக்குங்கள். பழைய லாக்கும் அப்போதே போய்விடும்.